அம்மா பேசாத இடம்

டிராயிங் கிளாஸ் வாசலில் ஸ்தனிஸ்லாஸ் சார் என்னை நிறுத்தி, "யமுனா ரொம்ப நல்லா வரையிறாம்மா" என்றார். வேறு யாருடைய அம்மாவோ என்று நினைத்துப் பேசுகிறார் போலிருக்கிறது என்று எண்ணி, நான் கமலினியின் அம்மா என்றேன். அவர் குழம்பிப்போய் கையிலிருந்த தாள்களைப் புரட்டி ஒன்றை உருவிக் காட்டினார். கொள்ளிடத்துப் பாலம், அதன் மேல் ஒரு ரயில், கடைசிப் பெட்டியில் பச்சைக்கொடியோடு ஒரு ஆள். என் வீட்டுக்காரர் கூட்ஸ் வண்டியில் கார்டாக இருக்கிறார். படம் என் மகள் வரைந்ததுதான். கீழே ஓரத்தில் கொட்டை எழுத்தில் யமுனா என்று எழுதியிருந்தது.

ஆறு சனிக்கிழமைகளாக என் மகள் அங்கே யமுனாவாக இருந்திருக்கிறாள். முதல் நாள் சார் பெயர் கேட்டபோது அப்படித்தான் சொல்லியிருக்கிறாள். அவள் பெயர் கமலினி என்று நானே அவரிடம் திருத்திச் சொல்லிவிட்டு, அவளை அழைத்துக்கொண்டு நடந்தேன். தெற்குச் சித்திரை வீதி திரும்பும்போது, ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். ஏழு வயதுப் பெண், செருப்பு நுனியால் ஒரு கல்லைத் தள்ளிக்கொண்டே வந்தவள், நிமிராமல், "அது ஈஸியா வருது" என்றாள்.

அவளுக்கு நாலு வயதில் தொடங்கியது. முதலில் ஒரு சொல்லை இரண்டு மூன்று முறை சொல்வாள். பிறகு முதல் எழுத்திலேயே நின்றுவிடும். தானாகப் போய்விடும் என்று சொல்லாதவர்கள் இல்லை. நானும் அதையே நம்பியிருந்தேன். நம்பினேன் என்பதைவிட, பார்க்காமல் இருந்தேன் என்பதுதான் சரி. அவளுக்கு எந்த எழுத்து வரும், எது வராது என்று எனக்குத் தெரியும். வராத எழுத்துகளை எல்லாம் அவளுக்காக நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆட்டோக்காரரிடம், கடையில், பக்கத்து வீட்டில், தாத்தா போனில் கேட்டால். கமலினி சாப்பிட்டாச்சு, கமலினிக்கு ரெண்டாவது ரேங்க், கமலினிக்கு லேசா ஜலதோஷம்.

இது எனக்குப் பழகிய வேலை. சின்ன வயதில் என் அண்ணனுக்கும் இதைத்தான் செய்தேன்.

அண்ணன் வளவன் என்னைவிட இரண்டு வயது மூத்தவன். கீழ அடையவளஞ்சான் தெருவில் மதிலோரமாக இருந்த ஒரு வாடகை வீட்டில் வளர்ந்தோம். அவனுக்குத் திக்குவாய். பேச வரும்போது கழுத்து நரம்பு புடைக்கும், கண்ணை மூடிக்கொள்வான், வலது கால் கட்டைவிரல் தரையைத் தேய்க்கும். அவன் வாயைத் திறக்கும்போதே என்ன சொல்ல வருகிறான் என்று எனக்குத் தெரிந்துவிடும். மண்ணெண்ணெய் வரிசையில் கார்டை நீட்டுவது அவன், எத்தனை லிட்டர் என்று சொல்வது நான். ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் காசைக் கொடுப்பது அவன், "ரெண்டு மெயின்கார்டு கேட்" என்பது நான். வைகுண்ட ஏகாதசி நாட்களில் தெருவெல்லாம் கூட்டம் நிரம்பி, வளையலும் பலூனும் பாசிமணியுமாக எங்கள் ஊர் வேறு ஊராகிவிடும். அப்போது அப்பா ஆளுக்குக் கொஞ்சம் சில்லறை கொடுப்பார். நேராக பீமராவ் கடைக்குப் போவோம். கண்ணாடி ஜாடிகள் வரிசையாக இருக்கும். பீமராவ் எங்களைப் பார்த்ததும் என்னிடம்தான் கேட்பார்: "அண்ணனுக்கு என்னம்மா?" நான் தேங்காய் பர்பி என்பேன். ரோஸ் கலரில் ஒன்று, வெள்ளையில் ஒன்று. அதைத் தாளில் மடித்து வாங்கிக்கொண்டு, ஒருவர் கையை ஒருவர் விடாமல் கூட்டத்துக்குள் புகுந்து வீடு வருவோம். அந்தக் கையின் பிசுபிசுப்பு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

இன்னொரு நாளும் நினைவிருக்கிறது. அவன் ஆறாம் வகுப்பு, நான் நாலாம் வகுப்பு. அவர்கள் வகுப்புக்குப் புதிதாக ஒரு வாத்தியார் வந்து பெயர் கேட்டிருக்கிறார். இவனுக்கு வரவில்லை. தங்கை கீழ் வகுப்பில் இருக்கிறாள், அவளுக்குத் தெரியும் என்று பிள்ளைகள் சொல்ல, ஒருவன் ஓடிவந்து என்னைக் கூப்பிட்டுக்கொண்டு போனான். நீளமான வராந்தாவில் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நடந்து போய், நாற்பது பையன்கள் முன்னால் நின்று, "வளவன். தகப்பனார் பெயர் அடைக்கலம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவ்வளவு பெருமையோடு நான் அதற்குப் பிறகு எங்கேயும் நடந்ததில்லை. என் கல்யாணத்தன்றுகூட இல்லை.

பெண் பார்க்கப் போனபோதும் நான்தான் பேசினேன். அண்ணி பொன்னுத்தாய் துறையூர்ப் பக்கம். அண்ணன் பேசும்போது அவள் ஒரு சொல்லும் எடுத்துக் கொடுக்க மாட்டாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சும்மா நிற்பாள். கொஞ்சம் மந்தமோ என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். இப்போது அவன் அரியமங்கலத்தில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறான். அங்கே இரைச்சலில் யாரும் யாரோடும் பேச முடியாது. அதனால் அந்த வேலை அவனுக்குத் தோதாக இருக்கிறது என்று நாங்களே சொல்லிக்கொள்வோம்.

யமுனா விஷயத்துக்குப் பிறகு தள்ளிப்போட முடியவில்லை. நான் தபால் ஆபீஸ் கவுன்ட்டரில் இருக்கிறவள், வருகிறவர்களிடமெல்லாம் விசாரித்தேன். முதலில் தென்னூரில் இருந்த ஒரு கிளினிக்குக்கு, வீட்டுக்காரருக்கு ஓய்வு இருந்த நாளில், மூவரும் போனோம். மருந்துக்கடைக்கு மேலே மாடியில் பளிச்சென்ற அறை. பேச்சுப் பயிற்சி தருகிற நவ்ஷாத் என்பவர் சின்ன வயசு, மரியாதையான மனிதர். கமலினிக்கு ஹெட்போன் மாட்டி, அவள் குரல் கம்ப்யூட்டர் திரையில் பச்சை அலையாக ஓடுவதைக் காட்டினார். எப்போது தொடங்கியது, எந்த எழுத்து, வீட்டில் வேறு யாருக்காவது உண்டா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் நான் பதில் சொன்னேன். பிறகு அவளுக்கு இழுத்துப் பேசச் சொல்லிக் கொடுத்தார். அரை மணி நேரத்தில், "என்—பேர்—க—ம—லி—னி" என்று ஒரு இடத்திலும் நிற்காமல் சொன்னாள். பாட்டுப் போல இருந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மூன்று மாதத்தில் நல்ல வித்தியாசம் தெரியும் என்றார் அவர். திங்கட்கிழமைக்குள் சொல்லிவிட்டால் மாலை நேரம் ஒன்று ஒதுக்கித் தருவதாகவும் சொன்னார்.

அன்று சாயங்காலம் முழுவதும் நான் அவளை அப்படியே பேசச் சொன்னேன். தண்ணீர் கேட்டாலும் இழுத்துக் கேட்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் செய்தாள். சாப்பிட உட்கார்ந்தபோது தலையை மட்டும் ஆட்டினாள். மறுநாளும் தலையாட்டல்தான். சட்னி வேண்டுமா, ஆட்டல். வேண்டாமா, ஆட்டல்.

ஆபீசில் கூட இருக்கிற ஒருத்தி, முடிவு செய்வதற்கு முன்னால் பாலக்கரையில் லூர்துராணி என்று ஒருவர் இருக்கிறார், அவரையும் ஒருமுறை பார் என்றாள். வீட்டுக்காரர் வண்டியோடு விழுப்புரம் போயிருந்தார். அண்ணன் அன்றைக்கு ஷிப்ட் முடிந்து சீக்கிரம் வந்திருந்ததால், அவனுடைய ஸ்கூட்டரில் மூவருமாகப் போனோம்.

சர்ச்சுக்குப் பின்னால் ஒரு சந்தில் சின்ன வீடு. லூர்துராணி ஒரு ஆஸ்பத்திரியில் இருபது வருஷம் இதே வேலை பார்த்துவிட்டு, இப்போது வீட்டின் முன்னறையிலேயே பிள்ளைகளைப் பார்க்கிறார். ஐம்பதைத் தாண்டியிருக்கும். பருத்திப் புடவை, முழங்காலில் வலி போல. பாயில் உட்கார சுவரைப் பிடித்துக்கொண்டார். ஹெட்போனும் இல்லை, திரையும் இல்லை. ஒரு டப்பா நிறைய சொப்புச் சாமான் இருந்தது. எனக்கு அப்போதே மனது விட்டுப்போயிற்று.

நாங்கள் யார் யார் என்று கேட்டார். நான் தொடங்கினேன்: என் பேர் மகாலட்சுமி, இது என் பொண்ணு கமலினி, ரெண்டாவது படிக்கிறா, இவர் எங்க அண்ணன் வளவன், அரியமங்கலத்துல...

அவர் கையை லேசாக உயர்த்தினார். "அவர் பேரை அவர்கிட்டயே கேட்டுக்கறேங்க."

அண்ணன் பக்கம் திரும்பி, வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் வாயைத் திறந்தான். நரம்பு புடைத்தது. கண் மூடிக்கொண்டது. எனக்கு நாக்கு நுனியில் அவன் பெயர் வந்து முட்டியது. கைப்பையின் வாரை நகத்தால் அழுத்திக்கொண்டேன். வெளியே சந்தில் ஒரு காய்கறி வண்டி கூவிக்கொண்டு வந்து, எங்கள் ஜன்னலைக் கடந்து, போய்விட்டது. அவ்வளவு நேரம்.

"வ... வளவன்" என்றான்.

லூர்துராணி பாராட்டவில்லை, தலைகூட அசைக்கவில்லை. எங்கே வேலை என்று அடுத்ததைக் கேட்டார். அண்ணன் சொன்னான். பட்டறையைப் பற்றி, லேத்தைப் பற்றி, போன மாதம் வந்த புது மெஷினைப் பற்றி. ஒவ்வொரு சொல்லாக, நின்று நின்று. இவ்வளவு பேச்சை நான் அவனிடம் கேட்டு எத்தனை வருஷம் ஆயிற்று என்று தெரியவில்லை. கேட்டிருக்கிறேனா என்றும் தெரியவில்லை.

கமலினி சொப்பை அப்படியே கையில் பிடித்துக்கொண்டு மாமாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டுக்கு வந்தால் மாமா சிரிப்பார், மிட்டாய் கொடுப்பார், டிவி பார்ப்பார். பேச வேண்டியதை நான் பேசிவிடுவேன். அவர் திக்கிப் பேசி அவள் கேட்டதே இல்லை.

"மாமா, உங்களுக்கும் இப்படி வருமா?" என்றாள்.

"வ... வரும்."

"எந்த எழுத்து?"

அண்ணன் யோசித்தான். "வ. அப்புறம் ப. சில நாள் எல்லாமே."

"எனக்கு க..." என்று நின்றாள். நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். "க... கதான்" என்றாள். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அண்ணனும் சிரித்தான்.

புறப்படும்போது லூர்துராணி என்னிடம், "திக்காமலே பேசிடுவாள்னு நான் சொல்ல மாட்டேங்க. சில பிள்ளைங்களுக்குப் போயிடும், சில பேருக்கு இருக்கும். திக்குனாலும் சொல்ல வந்தத முழுசா சொல்லணும். அவ்வளவுதான் என்னால முடியும்" என்றார். தினமும் பத்து நிமிஷம் நான் அவளோடு உட்கார வேண்டும், கேள்வி கேட்கக் கூடாது, எடுத்துக் கொடுக்கக் கூடாது, கேட்டுக்கொண்டு மட்டும் இருக்க வேண்டும் என்றார். "உங்களுக்குத்தான் கொஞ்சம் சிரமமா இருக்கும்" என்று சிரித்தார்.

எனக்குக் கோபமாக வந்தது. வழியில் ஒரு பழக்கடையில் மூவருக்கும் சாத்துக்குடி ஜூஸ் வாங்கி, கமலினியை ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டு, அண்ணனிடம் பொரிந்து தள்ளினேன். அந்த அம்மா என்ன செய்தார், சும்மா உட்கார்ந்திருந்தார், அதற்கு நாம் எதற்கு அங்கே போக வேண்டும், தென்னூரில் மூன்று மாதம் என்று உறுதியாகச் சொல்கிறார்கள். அவன் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு, பீமராவ் கடை நினைவிருக்கிறதா என்று கேட்டான். நினைவில்லாமல் இருக்குமா?

"மொத தடவ போனப்ப நான் தே... தே..." அவன் கண்ணை மூடித் திறந்தான். "தேன் மிட்டாய் கேக்கப் போனேன். நீ தேங்கா பர்பின்னுட்ட."

நான் சிரித்துவிட்டேன். "அப்பவே சொல்லியிருக்கலாம்லண்ணே?"

"எப்படிச் சொல்றது?" என்றான் அவன்.

சிரிப்பு அப்படியே நின்றது. வருஷா வருஷம் தீபாவளிக்கு நானே உட்கார்ந்து நாலு தேங்காய் துருவி, அவனுக்கென்று பர்பி கிளறி எடுத்துக்கொண்டு போகிறேன். என் முன்னாலேயே இரண்டு துண்டு எடுத்துச் சாப்பிடுவான். பீமராவ் கடையிலிருந்து கணக்குப் போட்டால் முப்பது வருஷம் இருக்கும்.

"தப்பா சொல்லல மகா," என்றான். "நீ இல்லன்னா நான் தெருவுக்கே வந்திருக்க மாட்டேன். ஆனா நீ இருந்ததால..."

நின்றான். நான் அவன் முகத்தைப் பார்த்தேன். சொல் சிக்கிக்கொண்டதா, சொல்ல வேண்டாம் என்று நிறுத்திக்கொண்டானா, எனக்குத் தெரியவில்லை. அவன் மனதில் இருப்பது எனக்குத் தெரியாமல் போனது அதுதான் முதல் தடவை என்று தோன்றியது. அப்படித் தோன்றிய உடனேயே, முதல் தடவையாக இருக்காது என்றும் தோன்றியது. காத்திருந்தேன். அவன் ஜூஸை எடுத்துக் குடித்தான். கமலினி ஸ்ட்ராவால் டம்ளரின் அடியை உறிஞ்சி சத்தம் எழுப்பிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து அரிசி களையும்போதும், துணி மடிக்கும்போதும், அந்த ஆறாம் வகுப்பு வராந்தாவுக்கே மனது போய்க்கொண்டிருந்தது. எத்தனையோ முறை அந்த நாளை ஆசையாக எடுத்துப் பார்த்திருக்கிறேன். பச்சைப் பாவாடை, சுண்ணாம்பு அடித்த தூண்கள், நாற்பது முகங்கள் எல்லாம் இருக்கின்றன. அண்ணன் எங்கே இருந்தான் என்று தேடிப் பார்த்தேன். பெஞ்சிலா, நின்றுகொண்டா? அவன் முகம் எப்படி இருந்தது? எவ்வளவு முயன்றும் அவன் அந்த அறையில் அகப்படவில்லை. நான் அவனைப் பார்க்கவே இல்லை போலிருக்கிறது. ஆனாலும் அந்த வராந்தா எனக்குப் பிரியமானதாகத்தான் இருக்கிறது. அதை என்ன செய்வதென்று தெரியவில்லை.

விழுப்புரத்திலிருந்து வீட்டுக்காரர் போன் செய்தார். அவர் நியாயமாகத்தான் பேசினார். தென்னூரில் படித்த பையன், கருவிகள் இருக்கின்றன, காலக்கெடுவும் சொல்கிறார், பிள்ளை அடுத்த வருஷம் மூன்றாம் வகுப்பு, எவ்வளவு நாள் தள்ளுவது என்றார். அவளிடமே கேட்கலாமா என்றேன். ஏழு வயசுப் பிள்ளையிடமா என்றார். பிறகு அவரே, சரி, கேள் என்றார்.

கமலினி தரையில் குப்புறப் படுத்து வரைந்துகொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, தென்னூர் அங்கிளிடம் போகலாமா, பாலக்கரை ஆன்ட்டியிடம் போகலாமா என்று கேட்டேன். நிமிர்ந்தாள். "அ..." என்று நின்றாள். அங்கிள் என்று சொல்ல வருகிறாள் என்று நினைத்தேன். என் வாயில் அந்தச் சொல் தயாராகவே இருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

"அ... அம்மா பேசாத எடத்துக்கு" என்றாள்.

கோபம் எதுவும் இல்லாமல் சொன்னாள். சொல்லிவிட்டுப் பச்சை கிரேயானைத் தேடி எடுத்துக்கொண்டு மறுபடியும் குனிந்துவிட்டாள். நான் எழுந்து சமையலறைக்குப் போய், காரியம் ஒன்றும் இல்லாமல் குழாயைத் திறந்து மூடினேன்.

திங்கட்கிழமை காலை நவ்ஷாத்துக்குப் போன் செய்து, பாலக்கரைக்கே போகப்போவதாகச் சொன்னேன். சங்கடப்படுவாரோ என்று நினைத்தேன். "நல்லதுங்க. குழந்தை எங்க பேசுதோ அங்கயே போங்க" என்றார்.

இரண்டரை மாதம் ஆகிறது. செவ்வாயும் வெள்ளியும் பாலக்கரை. முதல் இரண்டு வாரம் அண்ணன் எங்களை இறக்கிவிட்டு சந்து முனையில் நின்றான். மூன்றாவது வாரம் லூர்துராணியிடம் தானும் உட்காரலாமா என்று அவனே கேட்டான். நான் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறேன். சில வாரம் கமலினிக்குக் கொஞ்சம் குறைகிறது, சில வாரம் முன்பைவிட அதிகமாகத் திக்குகிறது. வீட்டுக்காரர் காலண்டரைப் பார்க்கிறார். தினமும் பத்து நிமிஷம் நான் அவளோடு சும்மா உட்காருகிறேன். மலை ஏறி இறங்கியது போல இருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை திரும்பி வரும்போது காவேரியில் தண்ணீர் வந்திருந்தது. ஆடி பிறக்கப் போகிறது. பாலத்தின் இரண்டு பக்கமும் செம்மண் நிறத்தில் நிறைந்து போய்க்கொண்டிருந்தது. ஸ்கூட்டரில் கமலினி முன்னால் நின்றுகொண்டிருந்தாள், நான் பின்னால். பாலத்தில் ஏறியதும் அவள் அண்ணாந்து மாமாவிடம் ஏதோ சொல்லத் தொடங்கினாள். காற்று வேகமாக இருந்தது. எனக்கு ஒரு எழுத்துகூடக் கேட்கவில்லை. அவள் தலை ஆடுவதும், நிற்பதும், மறுபடி ஆடுவதும் மட்டும் அண்ணனின் தோளுக்கு மேலே தெரிந்தது. நான் முன்னால் சாய்ந்து காதைக் கொடுத்தேன். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டேன்.

அண்ணன் வேகத்தைக் குறைத்தான். இடது ஓரமாக ஒதுங்கினான். பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்துவிட்டு எங்களைக் கடந்து போனது. அப்புறம் ஒரு லாரி. பாலம் முடிந்து மாம்பழச்சாலை வந்தது. அவள் சொல்ல வந்தது முடிந்தபாடில்லை. வீட்டுக்குத் திரும்பும் பாதைக்காக இண்டிகேட்டரைப் போட்டவன், திரும்பாமல் வண்டியை ஓரங்கட்டி, இன்ஜினை அணைத்தான். ஒரு காலைத் தரையில் ஊன்றி, ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அவள் பக்கம் குனிந்தான். மஞ்சள் விளக்கு மட்டும் டிக் டிக்கென்று அணைந்து எரிந்துகொண்டிருந்தது.